ஜரிகை ஓடாத இடம்

மருதங்குடி இளவரசியின் கல்யாணப் புடவை என்றால் சும்மாவா? அரண்மனை உடைகளுக்கெல்லாம் அதிகாரியான அனந்தப்பர், தறிக்காரி பொன்னுருவியைக் கூப்பிட்டு மீசையை முறுக்கினார்.

"பார்க்கிற இடமெல்லாம் ஜரிகை ஜொலிக்கணும். ஆனா எடை பூமாலை மாதிரி இருக்கணும். மகாராணி தன் கல்யாணத்துல புடவைக் கனம் தாங்காம மணவறையிலேயே மயங்கி விழுந்தாங்க. ரெண்டுல எது குறைஞ்சாலும் உன் தறியைப் பிடுங்கிடுவேன்."

"ஆகட்டும் எசமான்" என்று போனாள் பொன்னுருவி.

கல்யாணத்துக்கு முதல் நாள் சபைக்குப் புடவை வந்தது. முந்தானையில் மயில்கள் தோகை விரித்திருந்தன. கொசுவம் வரும் இடத்தில் மாங்காய்கள் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்தன. கையில் வாங்கிப் பார்த்த ராஜா, "அட, கனமே தெரியலையே!" என்று அசந்துபோனார்.

அனந்தப்பருக்குப் பொறுக்கவில்லை. புடவையை வாங்கி முழுசாக விரித்தார். முந்தானைக்கு எதிர்முனையில் ஒரு சுற்று நீளத்துக்கு வெறும் பட்டு.

"மோசடி மகாராஜா! இங்கே ஒரு இழை ஜரிகைகூட இல்லை!"

பொன்னுருவி கைகட்டியபடியே கேட்டாள்: "அது இடுப்புல முதல் சுத்தா உள்ளே போய் மறையற இடம் எசமான். நாளைக்கு இளவரசி உடுத்தி வந்தப்புறம் அங்கே எட்டிப் பார்க்கப்போறது யாருங்க?"

ராஜா மெல்லத் திரும்பி அனந்தப்பரைப் பார்த்தார். "நான்தான்" என்று சொல்வதற்கு அவருக்கென்ன இரண்டு தலையா இருக்கிறது?

மறுநாள் இளவரசி மான் மாதிரி துள்ளி நடந்து அக்கினியை வலம் வந்தாள். ஊரே அந்தப் புடவையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அனந்தப்பர் மட்டும் கல்யாணம் முடியும்வரை பந்தல் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.