ஓடத்தலைவர் போட்ட பாலம்

முன்னொரு காலத்தில் சேறும் நீருமாகக் கிடந்த கழனூர் நாட்டை விசயகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். நாடு முழுக்கச் சின்னச் சின்னத் திட்டுகள். திட்டு விட்டுத் திட்டு போக ஓடம்தான் கதி.

புது மந்திரி இளநாகன், "வீட்டுக்கு ஒரே ஒரு மூங்கில் பாலம், அவரவர் விரும்பும் இடத்தில்" என்று அரசரிடம் உத்தரவு வாங்கினான். பாலங்கள் பெருகின. ஆனாலும் அரசர் மேற்குக் கோயிலுக்குக் கிளம்பினால் பாதி வழியில் கால் நனைந்தது.

ஓடத்தலைவர் மாசாத்தனார் வாயைப் பொத்திச் சிரித்தார். "அத்தனை மூங்கிலையும் பிடுங்கிக் கொடுங்கள் பிரபு, தங்களுக்கு அலங்கார ஓடம் கட்டித் தருகிறேன்."

"பேஷ்! மந்திரி, தைப்பூசத்தன்று கால் நனையாமல் நான் கோயில் சேரவேண்டும். இல்லையென்றால் பாலமெல்லாம் ஓடமாகும். உனக்கு விழும் திட்டு, தாண்ட முடியாத திட்டாக இருக்கும்!"

 இளநாகன் அரண்மனைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தான். முன்பு இரண்டும் மூன்றுமாக பாலங்களால் இணைந்திருந்த திட்டுகள் இப்போது கிழக்கே ஒரு பெரிய கொத்து, மேற்கே ஒரு பெரிய கொத்து. நடுவில், ஆளில்லாத நாணல் திட்டுக்கும் நரித் திட்டுக்கும் இடையே மட்டும் வெறும் தண்ணீர். பாலம் போடாத வீடோ ஒன்றுதான் மிச்சம்: ஓடத்தலைவர் வீடு.

மறுநாள் சபையில் மாசாத்தனார் முன் கைகூப்பினான். "ஐயா, உங்கள் பாலத்தை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். நாணல் திட்டுக்கும் நரித் திட்டுக்கும் நடுவே மட்டும் வேண்டாம். அங்கே ஈ, காக்கைகூடப் போகாது. வீணாகிவிடும்."

"வீணாகுமா? அங்கேதானய்யா போடுவேன்! என் பாலம், என் இஷ்டம்!"

தைப்பூசத்தன்று அரசர் நடந்தார். கால் நனையவில்லை. பின்னாலேயே ஊர் திரண்டு வந்தது.

"நேற்றுவரை பாதி வழி, இன்று நாடே நடக்கிறதே! எப்படி?"

"நடக்கும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவில்லை, பிரபு," என்றான் இளநாகன். "கிழக்குக் கொத்தும் மேற்குக் கொத்தும் சேரும்வரை ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. சேர்ந்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது."

மாசாத்தனார் முன்னே பாய்ந்தார். "சேர்த்தது என் ஒற்றைப் பாலம்! பரிசு ஏதும் உண்டென்றால் அது எனக்கே!"

"உண்மைதான்" என்றான் இளநாகன். "அவர் பாலம் இல்லாமல் சேர்ந்திருக்காது. வேண்டாம் என்று சொன்னதுதான் என் பங்கு. ஆனால் அந்த ஒன்றே போதுமென்றால், ஐயா அதில் மட்டும் நடந்து வீடு திரும்பட்டுமே. பிறர் பாலம் எதற்கு?"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே ஆகட்டும்! மந்திரி, வீட்டுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு இன்றோடு போயிற்று. எத்தனை வேண்டுமோ போடச் சொல். முதல் பாலம் அரண்மனை மூங்கிலில் போடு."

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து, இடுப்பளவு சேற்றில் போனார் மாசாத்தனார். தம் பாலத்தில் ஏறிப் பத்தடி கம்பீரமாக நடந்தார். மறுபடி சேற்றில் இறங்கினார். பக்கத்துப் பாலத்தில் மீன்கூடையோடு நின்ற ஒருத்தி குனிந்து கேட்டாள்:

"ஐயா, ஓடம் ஏதும் வேணுமா?"