தட்டி இறக்கிய காப்பி

காவிரிக் கடைமடையில் எண்ணெய் எடுத்த அந்த நல்ல காலத்தில், ஐந்தாம் கிணற்றில் எண்ணெயோடு மணலும் சேர்ந்து வந்தது. கீழே பொலபொலவென்ற மண். மணலை மறிக்கக் குழாயைச் சுற்றிப் பொடிக்கல் நிரப்பியவர் கூலியாள் பக்கிரிசாமி. நிறைய எண்ணெய் காட்டிப் பேர் வாங்க, வால்வை முழுசாகத் திறக்கச் சொன்னவர் மேலாளர் தாமோதரன். பழி மட்டும் யார் தலையில்? கூலிக்காரன் தலையில்தான்!

“உன் கல்லுதான்யா கோளாறு. நாளைக்கும் மணல் வந்தா வேலைக்கு வராதே!”

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். “காப்பி கொண்டாய்யா, சீக்கிரம்!” என்று தாமோதரன் விரட்ட, பக்கிரிசாமியே போட்டுக் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்த தாமோதரன் தூ தூவென்று துப்பினார்.

“என்னய்யா, வாயெல்லாம் தூளு?”

“சீக்கிரம்னீங்களே சார். பில்டரைத் தட்டித் தட்டி இறக்கினேன்.”

“முட்டாள்! அது சொட்டுச் சொட்டாத் தானா இறங்கணும். அவசரப்படுத்தினா தூளும் சேர்ந்துதான் வரும்!”

“அதைத்தான் சார் கிணத்துக்கும் நாலு நாளாச் சொல்றேன். கல்லு நல்லாத்தான் இருக்கு. வால்வைக் கொஞ்சம் மூடுங்க.”

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தன் கையாலேயே வால்வைப் பாதி மூடினார். சாயங்காலம் மணலில்லாத எண்ணெய் வந்தது; பக்கிரிசாமியின் வேலையும் தப்பியது.

அந்தக் கிணறு வற்றி எத்தனையோ வருஷமாயிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் எந்தக் கல்யாணத்தில் கூடினாலும், காப்பியில் தூள் தட்டுப்பட்டால் போதும், “யாருய்யா அது, வால்வை மூடு!” என்று ஒரு குரல் எழும்பும்.