வட்டத்துக்கு வெளியே சிவப்பு

வைரஸ் ஒரு கொள்ளைக்காரன் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு என்பதை மிகுந்த பொறுப்புடன் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கொள்ளைக்காரன் கடப்பாரையாவது கொண்டுவருவான். அடினோவைரஸ் ஏறக்குறைய வெறுங்கையோடு வந்து, வீட்டு ஆட்களையே வேலைக்கு அழைத்துக்கொள்கிறது.

இதைத் தெரிந்திருக்க வேண்டியவர் குற்றாலிங்கம். கால்நடை மருத்துவராக ஓய்வுபெற்று, அறுபத்தோரு வயதில், தன்னைவிட இருபது வயது இளையவரான பேராசிரியர் செசிலியாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. மனைவி பகவதி மகளின் பிரசவத்துக்கென்று ஓசூருக்குப் போனவர். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றார். பிறகு நடக்கட்டும் என்றார். இப்போது பள்ளியில் சேரட்டும் என்கிறார். எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் குற்றாலிங்கம் போனில் கேட்பார். நீங்கள் இங்கே வரலாமே என்பார் பகவதி. வீடு இங்கேதானே இருக்கிறது என்று இவர் போனை வைத்துவிடுவார். தினமும் இரண்டு பாக்கெட் பால் வாங்குவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

ஆய்வு பி23 என்ற புரதத்தைப் பற்றியது. செல்லின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்றொரு சிறு உருண்டை உண்டு. பி23இன் வீடு அது. சாயமிட்டால் சிவப்புப் பொட்டாகத் தெரியும். வைரஸ் தொற்றிய செல்களில் குற்றாலிங்கம் அந்தப் பொட்டைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே ஒளியை அளந்தார். மங்கியிருந்தது. நான்கு மாதம் இதையே செய்துவிட்டு, புரதம் அழிந்துவிட்டதாக அறிக்கை எழுதினார்.

செசிலியா படங்களைப் பார்த்துவிட்டு, வட்டத்துக்கு வெளியே ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்டார்.

“கொஞ்சம் சிவப்பு சிதறிக் கிடந்தது, மேடம். அழுக்கு என்று துடைத்துவிட்டேன்.”

அவர் மூலப் படத்தைத் திறந்தார். வைரஸின் டி.என்.ஏ பச்சையாகத் தெரியும் படத்தை அதன்மேல் வைத்தார். வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் சிவப்பு இருந்தது. பி23 அழியவில்லை, இடம் மாறியிருந்தது.

குற்றாலிங்கம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புமா?”

“இந்தச் செல்லில் திரும்பாது, சார்.”

“நான் அது இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“தெரிகிறது,” என்றார் செசிலியா. “வட்டம் மிக அழகாகப் போட்டிருக்கிறீர்கள்.”

வெள்ளிக்கிழமை மாலை குற்றாலிங்கம் ஓசூர் பஸ் ஏறினார். இரண்டு பாக்கெட்டும் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்லியிருந்தார்.