நேரலை ஏன் இரண்டு மூச்சு பிந்தி வருகிறது

கம்பிக்குள் ஓடும் அணிலும் எறும்பும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நேரலை என்றால் நேரலைதான். தூத்துக்குடியில் குழந்தை தும்மினால் மறுநொடியே துபாயிலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்து வந்துவிடும். அதெல்லாம் ஒரு காலம்! நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

கேமரா, காட்சியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுக்கும். அதைத் தூக்கிப் போக இரண்டு கூட்டம் இருந்தது. அணில் பாய்ந்து ஓடும். வழியில் ஒரு துண்டு விழுந்தால் திரும்பியும் பார்க்காது. எறும்பு அப்படியில்லை. ஒன்று விழுந்தால், அதை எடுத்து வரும்வரை மொத்த வரிசையும் நின்றுவிடும். இப்படி ஆளுக்கொரு போக்கு. அந்தப் போக்கைத்தான் படித்தவர்கள் புரோட்டோகால் என்றார்கள்.

ஜெசிந்தா நேரலை மென்பொருள் எழுதுகிறவள். அதில் எந்தக் கூட்டத்துக்குக் கதவு வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவள்தான். அந்த மென்பொருளின் முதல் ஒளிபரப்பே அவளுடைய கல்யாணம். அப்பா பர்னபாஸுக்குக் கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஒரே மகளின் கல்யாணத்தை நடுக்கடலில் போனில்தான் பார்த்தாக வேண்டும்.

“என்னை விடு. பிந்தினாலும் ஒண்ணுகூடக் குறையாது,” என்றது எறும்பு.

“நீ போய்ச் சேர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சிரும்,” என்று சிரித்தது அணில்.

“நூத்துல ஒண்ணு விழுந்தா யாருக்குத் தெரியப்போவுது?” என்று சொல்லி, ஜெசிந்தா அணிலுக்குக் கதவைத் திறந்தாள்.

மாதா கோயிலில் மணியும் பாட்டும் தங்குதடையின்றிக் கடலுக்குப் போயின. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஆடியது, அணிலுக்குக் கால் தடுக்கியது, ஒரு துண்டு விழுந்தது. அணில் நிற்காமல் ஓடியது.

பர்னபாஸ், மாப்பிள்ளை கையில் தாலியைப் பார்த்தார். அடுத்து மகள் கழுத்தில் பார்த்தார். நடுவில் ஒன்றுமில்லை.

கோயில் வாசலுக்கு வந்ததும் ஜெசிந்தாவுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“கட்டியாச்சா மக்கா?”

ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “பிந்தக் கூடாதுன்னுதாம்ப்பா அப்படிச் செஞ்சேன்.”

“இத்தனை மாசம் காத்துக் கெடந்தவன், இன்னும் ரெண்டு மூச்சு காத்திருக்க மாட்டனா?”

பிறகு பதிவு செய்த வீடியோவை அனுப்பிவைத்தார்கள். பார்த்தார். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு பார்ப்பது வேறு, மகள் கழுத்தில் தாலி ஏறும்போதே கைகூப்புவது வேறு. பெற்றவருக்கு அது கிடைக்கவே இல்லை.

ஜெசிந்தா கல்யாணப் புடவையோடே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அணிலைக் கூப்பிட்டாள்.

“உன் ஓட்டம் அப்படியே இருக்கட்டும். ஆனா எறும்பு மாதிரி எண்ணிப் பாரு. விழுந்ததைத் திரும்பிப் போய் எடுத்துட்டு வா. அதுவரைக்கும் மத்த துண்டையெல்லாம் பாக்குறவங்க போன் வாசல்ல நான் உக்கார வைக்கிறேன்.”

“பிந்திருமே?”

“ரெண்டு மூச்சுதானே. பிந்தட்டும்.”

அந்தக் கல்யாண நாளிலிருந்துதான், நேரலை என்று பெயர் வைத்துக்கொண்டு அது சற்றுப் பிந்தி வருகிறது. குழந்தை தும்மி மூக்கைத் துடைத்த பிறகுதான் ‘நூறு’ வருகிறது. சலித்துக்கொள்ளாதீர்கள். வழியில் விழுந்ததை எடுக்க அணில் திரும்பிப் போயிருக்கிறது. அது யார் வீட்டுத் தாலியோ!