மீதிப் பாதி

ரம்பம் நின்றதும் கனகசபாபதி, நீளவாக்கில் பிளந்த கல் உருளையின் இரண்டு பாதிகளையும் திருப்பிப் பார்த்தார். கறுப்பு ரேகை அடர்ந்திருந்த பாதியைப் பைக்குள் போட்டார். மற்றதைப் பெட்டியில் வைத்தார்.

எஸ்தர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே தெரிந்த குன்றில் துளையிட்டு எடுத்த கற்கள் அவை. ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போகும். மறுபாதி சாட்சிக்கு இருக்கும். அந்தக் கறுப்பு ரேகைதான் கிராபைட்; ஆய்வகம் சொல்லும் அதன் அளவை வைத்துத்தான் முதலீட்டாளர்களிடம் குன்றின் மதிப்பைச் சொல்ல வேண்டும்.

சபாபதி மண்ணியல் படித்துவிட்டு அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவர். ஐம்பதைத் தாண்டியபின் கடையை மூடிவிட்டு, தன் மகள் வயதுள்ள எஸ்தரிடம் தொழில் கற்க வந்திருந்தார். இந்த மதிப்பீட்டில்தான் முதன்முறையாக அவர் கையெழுத்தும் இருக்கப்போகிறது. வருகிற முதலீட்டாளர்கள் கிராபைட் போதாதென்று எழுந்து போய்விட்டால் அதுவும் இல்லை.

“எல்லாக் கல்லையும் இப்படிப் பார்த்துத்தான் எடுத்தீங்களா, சார்?”

“ஆமாங்க மேடம்.”

“கடைப் பழக்கம் போகலை. முந்தானையை மட்டும் விரிச்சுக் காட்டுறீங்க.”

அவர் சிரித்தார். அவள் பெட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதிப் பாதிகளில் சாட்சிக்குக் கல்லுக்கொரு துண்டாக விட்டுவைத்து, மற்றதையெல்லாம் தானே பைகளில் நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

இரண்டாவது முடிவு, சபாபதியின் பைகளுக்கு வந்த முதல் முடிவைவிட நன்றாகவே குறைந்திருந்தது. எஸ்தர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். மதிப்பு இறங்கியது. சபாபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதலீட்டாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு முடிவு ஏன் வந்தது என்று எஸ்தர் ஒளிக்காமல் சொன்னாள். ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார். மற்ற இருவரும் குன்றைச் சுற்றிவந்து, சுரங்கப் பள்ளத்தைச் சின்னதாக வெட்டினால் கட்டுப்படியாகும் என்றார்கள். சபாபதி கையெழுத்துப் போட்டார். நன்றாகவே வந்தது.

டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டார்.

“நான் பொய் ஒண்ணும் சொல்லலையே மேடம். ரெண்டு பாதியும் ஒரே கல்லுதானே. நல்ல பாதியை அனுப்பினதுல என்ன தப்பு?”

எஸ்தர் குன்றைப் பார்த்தாள்.

“அவங்க வெட்டும்போது அது நல்ல பாதியை மட்டும் கொடுக்குமா, சார்?”

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். அடுத்த துளையின் கற்கள் வந்திருந்தன. ஒன்றை எடுத்து ரம்பத்தை ஓடவிட்டார். கல் இரண்டானது. இடப்பக்கம் விழுந்ததை எடுத்து, திருப்பிப் பார்க்காமல் பையில் போட்டார்.