சூரியனுக்கு முதுகு காட்டாத ஏர்

கூழாங்குளத்துக்காரர்களுக்கு மாடு கொடுத்தவனைக் கட்டி வைத்து உதைக்கலாம். கொடுத்தவன் நான்தான். பதினெட்டு வருஷமாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

சித்திரை பிறந்து ஒரு நல்ல மழை பெய்திருந்தது. அன்று அவர்கள் ஊரில் பொன்னேர், வருஷத்தின் முதல் உழவு. ஊர்த்தலைவன் பூவராகன் விடிந்ததும் வந்து வாசலில் நின்றான்.

"ஒரு ஜோடி குறையுது மாமா. நாலு சால் ஓட்டிட்டு, வெயிலேறுமுன்னே கொண்டாந்து கட்டிடறேன்."

என் நிலத்தில் எள் விதைக்க அந்த ஒரு நாள் ஈரம்தான் மிச்சம். ஆனாலும் மயிலையையும் சிவலையையும் அவிழ்த்துக் கொடுத்தேன்.

வெயில் ஏறியது. மாடு வரவில்லை. உச்சிப்பொழுதில் நானே கிளம்பிப் போனேன்.

ஊர் ஏர்கள் எல்லாம் கிழக்கு வரப்பில் வரிசையாக நின்றன. ஆளுக்கு ஒரே ஒரு சால், ஒற்றை உழவுக் கோடாக ஓடியிருந்தது.

"ஏன்டா நிக்கிறீங்க?"

"சூரியனுக்கு முதுகு காட்டாம உழணும்னு பூசாரி சொல்லிட்டாரு" என்றான் பூவராகன். "கிழக்கே பார்த்து வந்துட்டோம். இப்பத் திரும்பினா முதுகுல்ல?"

"மாட்டைப் பின்பக்கமாவே நடத்திப் பார்த்தோம்" என்றான் அவன் மைத்துனன் தெய்வச்சிலை, வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே. "அதுங்களுக்குப் புத்தி போதலை மாமா."

"அதுக்கு?"

"சாயங்காலம் சூரியன் மேற்கே போயிடுமில்ல, அப்பத் திரும்பி ஒரு சால். காலையில போக ஒண்ணு, மாலையில வர ஒண்ணு. ஆடிக்குள்ள முடிச்சிடலாம்."

இதைக் கண்டுபிடிக்க அரை நாள் கூடிப் பேசினார்களாம். சுற்றி நின்றவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

"ஈரம் காயுதுடா, பாவிகளா! என் மாட்டைக் கொடு!"

வரிசையின் கடைசியில் சிவலை மட்டும் தனியாக நின்றது. "மயிலை எங்கே?"

பூவராகன் முகத்தில் ஒரு வெட்கம். "சாயங்காலம் வரைக்கும் சும்மா நிப்பானேன்னு யோசிச்சோம். இப்ப சூரியன் உச்சியிலேதானே இருக்கு?"

அவன் காட்டிய பக்கம் புளியமரம். ஏழு பேர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கிளை உயரத்தில் என் மயிலை தொங்கியது. வயிற்றில் வடம், பின்னால் கலப்பை, நாலு காலும் அந்தரத்தில். மூக்கணாங்கயிற்றை மேல்கிளையில் கட்டி, முகத்தை ஆகாசத்துக்கு நிமிர்த்தியிருந்தார்கள்.

"எங்க மாடெல்லாம் கனம்" என்றான் தெய்வச்சிலை. "உங்களுதுதான் நோஞ்சான், தூக்கத் தோதா இருந்தது."



"மலைச்சு நிக்காதீங்க" என்று பூவராகன் என் தோளைத் தட்டினான். "கீழேருந்து கொஞ்சம் தள்ளுங்க மாமா. சூரியன் சாயறதுக்குள்ள மேலே ஒரு சால் ஓட்டிட்டா, உங்க மாட்டை நீங்க ஓட்டிட்டுப் போயிடலாம்."