நாரை சொன்ன நாற்பது நாள்

கருங்குளத்துக் காட்டில் கோடைக்கு முன்னால் ஓட்டப் பந்தயம் நடக்கும். மான் கூட்டத்திலிருந்து ஒன்று, குரங்குக் கூட்டத்திலிருந்து ஒன்று ஓடும். ஜெயித்த கூட்டம் கோடை முழுக்கக் குளத்தில் முதலில் தண்ணீர் குடிக்கலாம். தோற்ற கூட்டத்துக்கு மிச்சமிருக்கும் சேறுதான்.

வருஷா வருஷம் ஜெயிப்பது மருதன் என்ற கலைமான். தோற்பது சுருளி என்ற குரங்கு. எப்போதோ மரத்திலிருந்து விழுந்ததில் சுருளிக்கு இடது பின்னங்கால் பலமில்லை. எல்லைக்கு முன்னால் உள்ள வழுக்குப்பாறையில் வருஷம் தவறாமல் கால் மடங்கி விழும்.

இந்த வருஷம் பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மருதனுக்கும் இடது பின்னங்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே நாரையிடம் போனது. நாள் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கிற நாரைக்குக் கால் வைத்தியம் தெரியாமலா இருக்கும்?

“வீக்கம் வடிந்ததும் நல்ல காலைத் தூக்கிக்கொண்டு, அடிபட்ட காலில் பாரம் கொடுத்து நில். பாறை மேல் மெல்ல ஏறு, மெல்ல இறங்கு. காலையும் மாலையும், நாற்பது நாள். வலி போனாலும் நிறுத்தாதே” என்றது நாரை.

மருதன் குளக்கரையில் நின்றது. சுருளியும் வந்து பக்கத்தில் அதே மாதிரி நின்றது.

“மான் அண்ணே, கொக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களா?”

மரத்தில் இருந்த குரங்குகள் கிளை முறியச் சிரித்தன. மருதனுக்கு மானம் போயிற்று. பத்தாம் நாள் வலியும் போயிற்று.

“இனி எதுக்கு இந்தக் கூத்து?” என்றது மருதன்.

“வலிதான் போயிருக்கு. பலம் இன்னும் வரலையே” என்றது நாரை.

“உங்களுக்கென்ன நாரையம்மா, நிற்கிறதே தொழில். நான் ஓட வேண்டாமா?”

மருதனின் மனைவி பூவையும் சொல்லிப் பார்த்தது. “குட்டிக்குச் சேத்துத் தண்ணி ஒத்துக்காதுங்க. அவங்க சொன்னதைச் செஞ்சிடுங்களேன்.”

“என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று வாயை அடைத்துவிட்டது மருதன்.

மருதன் பயிற்சியை விட்டது. சுருளிக்குத்தான் விட மனசில்லை. மருதன் மாதிரியே முகத்தைச் சுளித்து, இடது பின்னங்காலில் பாரம் கொடுத்து நின்று, பாறை ஏறி இறங்கிக் காட்டினால்தான் அதன் கூட்டத்துக்குப் பொழுதே விடிந்தது. நாற்பது நாளும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

பந்தய நாள் வந்தது. மருதன் வெகுதூரம் முந்திப் போய் வழுக்குப்பாறையில் காலை ஊன்றியது. கால் மடங்கியது. பொத்தென்று விழுந்தது.

பின்னால் வந்த சுருளி, பாறையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் விழுவதற்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டது. திறந்தபோது எல்லையைத் தாண்டியிருந்தது!

“என் பேச்சை ஒரு வேளை தவறாமல் கேட்ட நோயாளி நீ ஒருத்தன்தான்” என்றது நாரை.

“நானா? நான் சும்மா கிண்டல்தானே பண்ணினேன்?” என்று விழித்தது சுருளி.

மறுநாள் மருதனின் குட்டி சேற்றில் வாய் வைத்துவிட்டுத் துப்பியது. மருதன் காலில் மறுபடி வந்த வீக்கம் வடியும்வரை காத்திருந்தது. பிறகு குளக்கரைக்கு வந்து, நல்ல காலைத் தூக்கிக்கொண்டு, முதல் நாளிலிருந்து தொடங்கியது. இந்த முறை கேலி செய்யக்கூட யாரும் வரவில்லை.

வலி போனதும் பயிற்சியை விட்டவனுக்கு, அதைக் கேலிக்காகச் செய்தவனுக்குக் கிடைக்கிற பலன்கூடக் கிடைக்காது.